வரலாற்றின் போக்கும் மானிட முயற்சியும்

நாடுகளும் மக்கட் கூட்டங்களும் பெருமாற்றங்களுக்கு உள்ளாகும் காலங்களில், சிந்திக்கும் மனிதனின் உள்ளத்தே இரு குரல்கள் எழுதல் இயல்பு. காலத்தின் போக்கு இதுவே, இதற்கு இணங்கி நடப்பதே அறிவுடைமை என்பது ஒரு குரல். காலம் எத்திசையிற் சென்றாலும், நெறியல்லாததற்குத் தலைவணங்குதல் தகாது என்பது மற்றொரு குரல். இவ்விரண்டினுள் எதனைக் கேட்டல் வேண்டும் என்பது மெய்யியலாளர் மட்டும் ஆராயும் வினாவன்று. ஒரு தொழிலாளி தன் பெயரை எந்நாட்டுப் பதிவேட்டில் எழுதுவிப்பது என முடிவு செய்யும் வேளையிலும் இவ்வினாவே எழுகின்றது. ஆதலின் இதனை முதலில் கொள்கையளவிலும், பின்னர் டயகமவையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டுத் தோட்டங்களையும் சான்றாகக் கொண்டும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் சிந்தனையில் இவ்வினா மிகப் பழைமையானது. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார், மலையினின்று பாயும் ஆற்று வெள்ளத்தின் வழியே செல்லும் புணையோடு உயிர் வாழ்க்கையை ஒப்பிட்டார். நீர் செல்லும் வழியே புணை செல்லும் என்பது அவர் கண்ட காட்சி. ஆயினும் அப்பாட்டின் பயன் சோம்பியிருத்தலன்று. பெரியோரைக் கண்டு மருளாமலும், சிறியோரை இகழாமலும் வாழும் சமநோக்கே அதன் பயன். வள்ளுவரோ அறத்துப்பாலின் இறுதியில் ஊழ் என்னும் அதிகாரத்தை வைத்து, அதனினும் வலியது வேறில்லை என்றார். பின்னர்ப் பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை வைத்து, சோர்வின்றி முயல்வோர் அவ்வூழையே பின்னிடச் செய்வர் என்னும் கருத்தையும் நிறுவினார். இவ்விரண்டும் முரண் என்று கூறுவாருமுளர். ஊழின் வலிமையை உணர்ந்தவனே முயற்சியின் அருமையையும் உணர்வான் என்று கொள்ளின் முரண் நீங்கும்.

பகவத்கீதையிலும் இவ்விரு நிலைகளும் அமைந்துள்ளன. பதினோராம் அத்தியாயத்தில் காலமே உருவெடுத்து நின்று, நிகழவேண்டியவை முன்னரே நிகழ்ந்துவிட்டன என்றும், அருச்சுனன் கருவி மாத்திரமே என்றும் கூறுகின்றது. பதினெட்டாம் அத்தியாயத்திலோ, கூறியவற்றை முற்றும் ஆராய்ந்து விரும்பியவாறு செய்க என்று அருச்சுனனிடமே முடிவு விடப்படுகின்றது. எல்லாம் முன்னரே தீர்ந்தவையாயின் ஆராய்வதற்கு என்ன எஞ்சியிருக்கும்? அந்நூலை ஓதும் மாணாக்கர் பலரும் எழுப்பும் வினா இது.

மேலைநாட்டாரும் இவ்வினாவிற்குப் பலவாறு விடை கூறினர். பண்டைக் கிரேக்க நாட்டு ஸ்தோயிக்கர், விதியை ஓடும் வண்டிக்கும் மனிதனை அவ்வண்டியிற் கட்டப்பட்ட நாய்க்கும் ஒப்பிட்டனர். உடன் ஓடும் நாய் எளிதாகச் செல்லும். ஓட மறுக்கும் நாய் இழுபட்டுச் செல்லும். இரண்டும் சேருமிடம் ஒன்றே என்பது அவர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹேகல், வரலாறு என்பது அறிவும் விடுதலையும் படிப்படியாக வெளிப்படும் நிகழ்ச்சி என்றார். அவரே, ஒரு காலம் முடிவெய்திய பின்னரே மெய்யியல் அதன் பொருளை உணர்கின்றது என்றும் கூறியமை கருதற்பாலது. கார்ல் மார்க்ஸ், மனிதர் தம் வரலாற்றைத் தாமே ஆக்குகின்றனர். ஆனால் தாம் தேர்ந்துகொள்ளாத சூழலிலேயே ஆக்குகின்றனர் என்றார். ஆர்னல்ட் டொயின்பி, அறைகூவலும் அதற்கு மக்கள் அளிக்கும் மறுமொழியுமே நாகரிகங்களின் கதை என்றார். கார்ல் பொப்பர் 1957ஆம் ஆண்டில் நூலுருவில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதரின் அறிவு நாளை எவ்வாறு வளரும் என்பதை இன்று அறியவியலாது, ஆதலின் வரலாற்றின் போக்கையும் முன்கூட்டிக் கூறவியலாது என வாதித்தார்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், வரலாற்றின் போக்கு என்னும் சொற்றொடரினுள் மூன்று வினாக்கள் மறைந்திருத்தல் புலனாகும். அத்தகைய போக்கு ஒன்று உண்டெனில் அதனை நடக்கும்போதே அறியவியலுமா என்பது முதலாவது. வரப்போவது ஒன்று, வரப்போவதனாலேயே நல்லது ஆகுமா என்பது இரண்டாவது. இது தவிர்க்கவியலாதது என்று கூறுவோர் உண்மையைக் கண்டு கூறுகின்றனரா, அன்றித் தாம் செய்ய விரும்புவதற்குக் காலத்தின் பெயரைச் சூட்டுகின்றனரா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் பொதுவாகப் பேசுவதினும், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்விலே வைத்து உரைத்துப் பார்த்தல் நலம் பயக்கும்.

அதற்கு இலங்கை மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றினும் பொருத்தமான சான்று காண்டல் அரிது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் அவர்களின் எதிர்காலம் தீர்ந்துவிட்டது எனப் பிறர் பன்முறை கூறினர். கூறியவாறு அது தீரவில்லை. நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாகச் செல்லும் பாதையின் மேற்கோடியில், ஹோட்டன் சமவெளியின் மலைச்சரிவை அண்டிக் கிடக்கும் டயகமத் தோட்டங்கள் அவ்வரலாற்றின் பெரும் பகுதியைத் தாங்கி நிற்கின்றன.

தொடக்கத்தில் மலைநாட்டிற் பயிரிடப்பட்டது கோப்பியே. 1820களிலிருந்து ஆங்கிலேயர் காடழித்துக் கோப்பித் தோட்டங்களை அமைத்தனர். அவற்றில் வேலை செய்யத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். பஞ்சமும், கடனும், நிலமின்மையும், சாதிக் கொடுமையும் பின்னிருந்து தள்ள, கங்காணிமாரின் சொல் முன்னின்று இழுக்க, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலே கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். பின்னர் 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலையில் ஒருவகைப் பூஞ்சணநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் அழிந்தொழிந்தது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். கோப்பி நோயை எவரும் சட்டமியற்றிக் கொணரவில்லை. அதனை எதிர்த்துப் போராடவும் இயலாது; அதற்கேற்ப வாழ்வை மாற்றிக்கொள்ளலே இயலும். கோப்பி ஓரிரு பருவங்களுக்கு மட்டும் மிகுந்த கூலியாட்களை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டியது. ஆதலின் வந்து மீளும் கூலிக்கூட்டமாக இருந்தோர், பெண்டிரும் குழந்தைகளுமாக லயன்களிற் குடியேறிய நிலைத்த சமுதாயமாயினர். இம்மாற்றத்தை அவர்கள் ஏற்றனர்; ஏற்றதனால் அவர்களின்றித் தீவின் பொருளாதாரம் இயங்காது என்னும் நிலையும் காலப்போக்கில் உருவாயிற்று.

அதே காலத்தில் வழங்கிய துண்டு முறையோ வேறு வகையானது. தொழிலாளியின் கடன் தொகையை ஒரு துண்டில் எழுதி, அக்கடனைத் தீர்ப்பவனிடமே அவன் செல்லலாம் என்று வைத்த இம்முறை, மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றியது. தோட்டத் தொழில் நடைபெற இஃது இன்றியமையாதது என்று துரைமாரும் பெரிய கங்காணிமாரும் நெடுங்காலம் கூறிவந்தனர். 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. தேயிலை அதன்பின்னும் வளர்ந்தது. இன்றியமையாதது எனப்பட்டது சிலருக்கு வாய்ப்பானதே என்பது அப்பொழுது தெளிவாயிற்று. நோயும் மழையும் போல வந்தவற்றையும், மனிதர் கையெழுத்தால் வந்தவற்றையும் ஒரே சொல்லால் வழங்குவதே பெரும் மயக்கத்திற்குக் காரணம்.

இவ்வேறுபாட்டை மலைநாட்டு மக்களுக்கு முதலில் உரக்க உணர்த்தியவர் கோ. நடேசய்யர். தஞ்சை மண்ணிலிருந்து வந்த இவர், பத்திரிகையாலும் மேடையாலும் தொழிலாளரை விழிப்புறச் செய்தார். இவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் அறிந்த மெட்டுகளிற் பாட்டியற்றித் தோட்டங்களிலே பாடினார். 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்தபொழுது, தோட்டத் தொழிலாளருள்ளும் பலர் வாக்காளராயினர். 1939ஆம் ஆண்டில் ஜவகர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அதே ஆண்டில் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு உடன்படிக்கை செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். சௌ. தொண்டமான், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அவ்வெழுவருள் அடங்குவர்.

1947ஆம் ஆண்டில் ஒருவர் அக்கரப்பத்தனை மலையுச்சியில் நின்று, வரலாறு எத்திசையிற் செல்கின்றது என்று வினவியிருப்பின், மேல்நோக்கியே செல்கின்றது என்பதே விடையாக இருந்திருக்கும். அவ்விடைக்குச் சான்றுகளும் இருந்தன. ஆனால் அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்த ஒருவன், தன் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தமையை நாட்டவேண்டியவனானான். லயன் அறையிற் பிறந்து தேயிலை மலையில் வளர்ந்தவனிடம் அவ்வாறான பத்திரங்கள் எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வசித்தமையை நாட்டினால் விண்ணப்பிக்கலாம் என்றது. அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம், பிரஜையல்லாதோரின் வாக்குரிமையை நீக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களின் பிரதிநிதியாக ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. இதிலிருந்து முதலாம் வினாவிற்குரிய விடை பெறப்படும். ஆற்றின் நடுவே மிதப்பவன் அடுத்த வளைவிற்கு அப்பாலுள்ளதைக் காண இயலாது.

இச்சட்டங்களை ஆதரித்தோரும் வரலாற்றின் பெயராலேயே பேசினர். விடுதலை பெற்ற ஒவ்வொரு நாடும் தன் மக்கள் யாவர் என்று வரையறுத்தல் இயல்பு என்பது அவர் வாதம். அவ்வாதம் முற்றும் பொய்யன்று. எல்லை வகுத்தல் புதிய நாடுகள் பலவும் செய்த செயலே. ஆனால் எல்லையொன்று வகுக்கப்படும் என்பதனால், அந்த எல்லை இவ்விடத்தேதான் வகுக்கப்படவேண்டும் என்பது பெறப்படாது. மண்ணிற் பிறந்தமையை அளவாகக் கொண்ட நாடுகளும் உள. தந்தையின் பிறப்பை அளவாகக் கொண்ட நாடுகளும் உள. இவற்றுள் ஒன்றைத் தெரிந்தது மனித விருப்பமே. எஸ். ஜே. வி. செல்வநாயகம் இதனை உணர்ந்தே எதிர்த்தார். தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்து 1949ஆம் ஆண்டு டிசம்பரிற் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இவ்வுரிமைப் பறிப்பும் ஒரு காரணமாயிற்று. இடதுசாரிக் கட்சியினரும் பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தனர்.

எதிர்த்தல் என முடிவு செய்தபின் எவ்வாறு எதிர்த்தல் என்னும் வினா எழுந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. அநீதியான சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தல் அவ்வநீதியை ஒப்புதலாகும் என்பது அப்பகிஷ்காரத்தின் கருத்து. கொள்கையளவில் இதனை எளிதில் மறுத்தல் இயலாது. ஆயினும் விண்ணப்பத்திற்கு விதிக்கப்பட்ட இரண்டாண்டுக் காலம் கரைந்துகொண்டிருந்தது. ஈற்றில் பகிஷ்காரம் கைவிடப்பட, விண்ணப்பங்கள் கடைசி மாதங்களில் மலைபோற் குவிந்தன. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய அவ்விண்ணப்பங்களுள், ஏறத்தாழ 1,34,000 பேரே பிரஜைகளாக ஏற்கப்பட்டனர். 1952ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல நாட்கள் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. வழக்கொன்று இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று, 1953ஆம் ஆண்டில் அங்கும் தோல்வியுற்றது.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து பெறப்படும் உண்மை நுண்ணியது. சட்டத்தை முற்றும் புறக்கணித்தல் எதிர்ப்பின் தூய வடிவமாகத் தோன்றினும், அதன் விலையை ஏழைக் குடும்பங்களே செலுத்தின. சட்டத்தை முற்றும் ஒப்புதலோ அடிமைத்தனம். பகிஷ்காரத்தைக் கைவிட்டோர், சட்டம் அநீதியானது என்று கூறிக்கொண்டே அதன் கதவு வழியாக நுழைய முயன்றனர். சிலர் இதனை முரண் என்று எள்ளினர். நிகழ்ந்துவிட்ட உண்மையை ஏற்றல் வேறு, அதன் நியாயத்தை ஏற்றல் வேறு என்பதை உணர்வோர் இதில் முரண் காணார். உண்மையை ஏற்காதவன் கனவில் வாழ்கின்றான். நியாயத்தையும் ஏற்றுவிட்டவன் எழமாட்டான்.

இனி டயகமவின் நிகழ்ச்சி. 1956ஆம் ஆண்டு இலங்கை வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுவது. அவ்வாண்டிற் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. இத்தீவின் இரு இனங்களும் இனி இரு வழியே செல்லும்; காலத்தின் போக்கு அதுவே எனப் பலரும் முடிவு கட்டினர். அதே ஆண்டில் டயகம மேற்குத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் ஒன்று மூண்டது. பொலிசார் சுட்டதில் மாண்டவர் ஆபிரகாம் சிங்கோ என்னும் தொழிலாளி. முல்லோயாக் கோவிந்தனோடு சேர்த்து மலையகத் தொழிற்சங்கத் தியாகிகளின் வரிசையில் இன்றும் நினைக்கப்படும் அவர் சிங்களப் பெயர் தாங்கியவர். தமிழ்த் தொழிலாளர் பெரும்பான்மையினராக வாழும் மலையிலே, தொழிலாளர் உரிமைக்காக அவர் உயிர் நீத்தார்.

ஒரு தனிமனிதனின் மரணம் ஒரு நாட்டின் போக்கை மாற்றிவிட்டது என்று கூறுதல் மிகையாகும். 1956க்குப் பின் இனப்பிளவு ஆழமாகியே சென்றது. ஆயினும் போக்கு எனப்படுவது எல்லா மனிதரையும் ஒருங்கே அள்ளிச் செல்லும் வெள்ளமன்று என்பதற்கு டயகம சான்றாகும். மேலும், தவிர்க்கவியலாதது எனப்படும் ஒன்றிற்குச் சட்டமும் துப்பாக்கியும் ஏன் துணையாகவேண்டும்? பொழுது புலர்வதற்குக் காவற்படை தேவையில்லை. தடுத்து நிறுத்தக் கூடியதையே ஆயுதத்தால் காக்கின்றனர். எங்கு வலிமை பயன்படுத்தப்படுகின்றதோ அங்கு மாற்றுவழி ஒன்று திறந்திருந்தது என்று துணிந்து கூறலாம். மேலே குறித்த மூன்றாம் வினாவிற்கு இதுவே உரைகல்.

அடுத்து வந்தது 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளில் ஒப்பமிடப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மக்களின் தலைவிதியை இரு பிரதமர்கள் எண்களாகப் பிரித்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974ஆம் ஆண்டில் அவ்வெஞ்சியோரும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்ட மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

ஆயினும் விண்ணப்பப் படிவம் லயனுக்கு வந்தபொழுது, ஒவ்வொரு குடும்பத் தலைவனும் வரலாற்றின் போக்கைத் தானே மதிப்பிடவேண்டியவனானான். இந்தியாவுக்கு விண்ணப்பிப்பதா, இலங்கைக்கு விண்ணப்பிப்பதா? தகப்பன் ஒரு நாட்டையும் மகன் மறு நாட்டையும் நாடிய வீடுகள் இருந்தன. உடன்பிறந்தாரைக் கடல் பிரித்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தங்க எண்ணியிருந்தோருட் பலரும் அப்பொழுது புறப்பட்டனர். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரைத் துரத்தின. தலைமன்னார்க் கப்பலில் ஏறியோர் இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலும் வாழ்வை மீண்டும் தொடங்கினர். பாட்டன் நாடு எனப்பட்ட இடத்தில் அவர்கள் சிலோன்காரர் என அழைக்கப்பட்டனர்.

இவ்வாறு சென்றோரை வரலாற்றிற்குப் பணிந்தோர் என்றும், தங்கினோரை எதிர்த்து நின்றோர் என்றும் வகுத்தல் பெருந்தவறாகும். பசித்த குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு கப்பலேறிய தாய் கோழையல்லள். தங்கியவரும் எல்லோரும் கொள்கை வீரரல்லர். பிறந்த மலையை விட்டு எங்குச் செல்வது என்னும் திகைப்பினாலே தங்கியோர் பலர். தனிமனிதன் தன் குடும்பத்தின் பொருட்டு வளைந்து கொடுத்தலை அறநூல் பழிக்காது. அவனை அந்நிலைக்கு உள்ளாக்கியோரே பழிக்குரியர். எனினும் மொத்தமாக நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையினும் குறைவானோரே இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தனர்; இலங்கைக்கு ஒதுக்கப்பட்டதினும் மிகப் பலர் இலங்கைக்கே விண்ணப்பித்தனர். வாக்குரிமையற்ற மக்கள் அளித்த வாக்கு அது எனலாம்.

தங்கிய மக்கள் பின்னர்க் கண்டவை யாவை? 1977ஆம் ஆண்டு மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்திலே ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வழங்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார், அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1986ஆம் ஆண்டு தைப் பொங்கலன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கமொன்றைத் தொடங்கியது. தொழிலாளர் காலை வேளையில் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வழிபாட்டில் அமர்ந்தனர். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க வழிவகுத்தது. 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் நாடற்றோர் என்னும் நிலையையே நீக்கின. 1948இல் தொடங்கிய முடிச்சு அவிழ 55 ஆண்டுகள் சென்றன.

இதனைக் கண்டு, வரலாறு ஈற்றில் நீதியின் பக்கமே சாயும் என்று மகிழ்தல் எளிது. அம்மகிழ்ச்சியும் ஒரு மயக்கமே. அவ்வைம்பத்தைந்து ஆண்டுகளில் நாடற்றவராகப் பிறந்து நாடற்றவராகவே மாண்டோர் எண்ணற்றோர். அவர்களுக்கு வரலாறு எந்நீதியையும் வழங்கவில்லை. மேலும் இவ்வெற்றிக்குப் போராட்டம் மட்டுமே காரணம் என்பாருக்கு மறுப்பும் உண்டு. 1980களில் வடகிழக்கில் மூண்ட போரினாலும், இந்திய அரசின் தலையீட்டினாலும், தேர்தற் கணக்கினாலும் அரசாங்கம் இணங்கியது என்று கூறுவோர் உளர். அம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் வாய்ப்பு வரும்பொழுது அதனைப் பற்றிக்கொள்ள ஆயத்தமாக நின்ற மக்களும் சங்கங்களும் இல்லாதிருப்பின், அவ்வாய்ப்பு வீணே கழிந்திருக்கும். சூழல் கதவைத் திறக்கலாம். நடந்து செல்லவேண்டியவன் மனிதனே.

இன்னுமோர் உண்மையும் கருதற்பாலது. 1986ஆம் ஆண்டின் பிரார்த்தனைக்கு வலிமை தந்தது யாது? கொழுந்து பறிக்கும் கைகள் நின்றால் நாட்டின் அந்நியச் செலாவணி நிற்கும் என்னும் நிலையே. அந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? கோப்பி அழிந்து தேயிலை வந்தபொழுது, தடுக்கவியலாத அம்மாற்றத்தை ஏற்று, அதன்மேல் வேரூன்றிய முன்னோரின் உழைப்பினாலே உண்டாயிற்று. ஆகவே ஏற்றலும் எதிர்த்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஏற்கத்தக்கதை ஏற்றமையே எதிர்க்கத்தக்கதை எதிர்க்கும் நிலமாயிற்று.

இவ்வுண்மையை டயகமவின் நீரோட்டத்திலேயே காணலாம். அப்பக்கத்து மலைகளில் ஊற்றெடுக்கும் நீர் அக்ரா ஓயாவாகி, கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியை அடைகின்றது. நீர் பள்ளம் நோக்கியே பாயும். இதனை எப்பொறியியலாளரும் மறுப்பதில்லை. ஆனால் 1976ஆம் ஆண்டிற் பொல்கொல்லையில் அணை கட்டி, மலையைக் குடைந்து, மகாவலி நீரின் ஒரு பகுதியை வறண்ட வடமத்திய வயல்களுக்குத் திருப்பினர். பள்ளம் நோக்கிப் பாயும் இயல்பை ஏற்றே பாயும் இடத்தை மாற்றினர். ஆற்றோடு சண்டையிட்டிருப்பின் அணை உடைந்திருக்கும். ஆற்றிற்கு அடிபணிந்திருப்பின் வயல் காய்ந்திருக்கும்.

மேற்கூறியவற்றால் துணியப்படும் முடிபு இதுவாகும். வரலாற்றின் போக்கு என ஒன்று கூறப்படும்பொழுது, அதனுள் இயற்கையும் பொருளாதாரமும் கொணர்ந்தவை எவை, மனிதர் கையெழுத்தாற் கொணர்ந்தவை எவை எனப் பகுத்தறிதல் வேண்டும். இரண்டும் பல இடங்களிற் பின்னிக் கிடக்கும். 1974ஆம் ஆண்டின் பஞ்சத்தில் உலகச் சந்தையும் அரசாங்கக் கொள்கையும் ஒருங்கே கலந்திருந்தன. ஆயினும் பகுத்தல் அரிது என்பதனால் பகுக்காதிருத்தல் தகாது. கையால் எழுதப்பட்டதைக் கையால் அழிக்கவும் இயலும் என்பதே 1948 முதல் 2003 வரையிலான சட்டப் புத்தகங்கள் கூறும் சாட்சியம்.

இஃது இறந்தகாலம் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று. இன்று மலைநாட்டில் மற்றுமொரு போக்கு பேசப்படுகின்றது. தேயிலைத் தொழில் தளர்கின்றது. இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்கின்றனர். தோட்டச் சமுதாயம் கரைந்துபோதல் காலத்தின் கட்டளை என்கின்றனர். இதனுள்ளும் பகுத்தறிய வேண்டியவை உள. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை அக்கரப்பத்தனையிலிருந்து எவரும் நிறுத்தவியலாது. கல்வி கற்ற பிள்ளை கூடையைச் சுமக்க மறுத்தலும் வருந்தத்தக்கதன்று. ஆனால் ஐந்தாறு தலைமுறை உழைத்த மண்ணில் வீட்டுக்குரிய காணியுரிமை இன்னும் எல்லாக் குடும்பங்களுக்கும் கிட்டாமை சந்தையின் கட்டளையன்று. அது மனிதர் எழுதாது விட்ட கையெழுத்து. மலையை விட்டுச் செல்ல விரும்புவோன் செல்லட்டும். உரிமையின்மையால் துரத்தப்பட்டு எவனும் செல்லுதல் ஆகாது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்ந்து, தத்தம் தோட்டத்திலும் ஊரிலும் அதனை எடுத்துரைக்கும் பொறுப்பு கற்ற இளைஞரைச் சார்ந்தது. ஆபிரகாம் சிங்கோ விழுந்த மலையிலே இன்றும் கொழுந்து பறிக்கப்படுகின்றது. அம்மலையின் வரலாறு இன்னும் எழுதி முடியவில்லை.